அவளுக்காக நான் சொன்ன பதில்

1976 ஜூலை 14, புதன்கிழமை, காலை பத்து இருபது. வானம் மூடியிருந்தது, மழை இல்லை, புழுக்கம். முந்தின நாள் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அப்பளம் வாங்கப் போன என் மனைவியின் காலைத் துருப்பிடித்த தகரம் கிழித்துவிட்டது. இரண்டு அங்குலம். ரணஜன்னி வராமலிருக்க ஊசி போட டிஸ்பென்சரிக்கு அழைத்துப் போனேன். எங்களுக்கு முன் ஒன்பது பேர்.

இந்த ஊசி முன்பு எப்போதாவது போட்டதுண்டா என்று டாக்டர் ஹிந்தியில் அவளைப் பார்த்துத்தான் கேட்டார். டில்லிக்கு வந்து பதினான்கு வருஷமாகியும் அவளுடைய ஹிந்தி காய்கறிக்காரனோடு சரி. ரேஷன் ஆபீஸ், பள்ளிக்கூடம், எங்கேயும் அவளுக்காக நான்தான் பேசுவேன். "நஹீ" என்றேன். வீட்டில் யாருக்கு எப்போது என்ன ஊசி என்று நோட்டில் எழுதி வைப்பவன் நான். அதில் இல்லை.

சோதனைக்காக முன்கையில் ஒரு துளி ஏற்றினார்கள். நான்காவது நிமிஷம் அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். உதடு வீங்கியது, மூச்சு விசிலடித்தது. டாக்டர் ஓடிவந்து மாற்று ஊசி போட்டார். அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு மூச்சுகளை எண்ணினேன். நிமிஷத்துக்கு நாற்பத்திரண்டு. எண்ணுவதைத் தவிர என்னால் எதுவும் முடியவில்லை. முப்பதுக்கு இறங்கப் பதினொரு நிமிஷம் ஆயிற்று.

குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்தாம் அது. ஒருமுறை உள்ளே போனால் அந்நியன் என்று உடம்பு குறித்து வைத்துக்கொள்ளுமாம். எத்தனை வருஷம் கழித்து ஒரு துளி வந்தாலும் மொத்தமாக எதிர்த்து எழுமாம். "முதல் தடவையிலேயே இப்படி ஆவதில்லை" என்று சொல்லிவிட்டு டாக்டர் என்னையே பார்த்தார்.

மாலை ஆட்டோவில் திரும்பும்போது கேட்டேன்.

"முன்னாடி இந்த ஊசி போட்டாளா உனக்கு?"

"பெரியவன் பொறந்தப்போ, தஞ்சாவூர்ல. ஒரு வாரம் உடம்பெல்லாம் தடிச்சிருந்துது."

"சொல்லப்படாதோ?"

"என்னைக் கேட்டேளா? நீங்க நஹீன்னது புரிஞ்சுது. எதுக்கு நஹீன்னுதான் புரியலை."

முதல் பிரசவத்துக்கு அவள் பிறந்த வீட்டில் இருந்த ஐந்து மாதமும் என் நோட்டில் காலி. அவள் உடம்பில் காலியில்லை.

மத்தியானம் அவள் கண்ணயரும்போது இன்றும் மூச்சை எண்ணுகிறேன். பதினாறு. சில நாள் பதினேழு. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது.

டிஸ்பென்சரியில் காசு வாங்கவில்லை. ஆட்டோவுக்குப் போக வர மூன்று ரூபாய் எழுபது காசு.