பானுமதியின் ஒரு விரல்

துவாக்குடியில் பைக் மெக்கானிக் என்றால் பானுமதிதான். அவள் கை பட்டால் வண்டி கிளம்பிவிடும். ஆனால் அந்தக் கையில் கிரீஸ் இல்லாத இடத்தைத் தேடத்தான் வேண்டும். போன தேர்தலில் ஓட்டு பழைய வீட்டு விலாசத்திலேயே இருந்ததால் உறையூர் வரை போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, உடனே வேலையில் இறங்கினாள். டீக்கடை பிச்சமுத்து நம்பவே இல்லை. "பத்து விரலும் கறுப்பா இருக்கு, இதுல ஓட்டு மை எதும்மா?" என்று கேட்டுக் கடையையே சிரிக்க வைத்தார். அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

அதனால் இந்தத் தடவை முன்கூட்டியே ஓட்டைத் துவாக்குடிக்கு மாற்றிக்கொண்டாள். தேர்தலுக்கு முதல் நாள் மண்ணெண்ணெய், சோப்புத்தூள், தேங்காய் நார் சகிதம் கையைத் தேய்த்துக் கழுவ உட்கார்ந்துவிட்டாள்.

"உன்னைய யாராச்சும் பொண்ணு பாக்க வராங்களா?" என்றான் கணவன் வளவன். அவள் முறைத்த முறைப்பில் அவனே எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுத்தான்.

காலையில் முதல் ஆளாக ஓட்டுப் போட்டாள். இடது ஆள்காட்டி விரலில் மை பளிச்சென்று விழுந்தது. நேரே டீக்கடைக்குப் போய் விரலை நீட்டினாள். பிச்சமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இப்ப ஒத்துக்கறேம்மா" என்று டீயில் சர்க்கரையை அள்ளிப் போட்டார்.

மறுநாள் கல்லூரி மாணவன் ஒருவன் செயின் அறுந்த பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தான். பானுமதி புது செயினை மாட்டி, கிரீஸ் தடவினாள். ஒரு விரல் மட்டும் எதிலும் படாமல் தனியே நிமிர்ந்து நின்றது.

"விரல்ல அடிபட்டுடுச்சாக்கா?"

"அடியெல்லாம் இல்லப்பா. நேத்து அது நாட்டுக்கு வேலை பாத்துச்சு. இன்னைக்கு லீவு."