திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குதிரைவீரன்

நடந்து போகிறவனை நிறுத்துவதுதான் எங்கள் தொழில். துணியில் படம் எழுதிப் பிழைக்கிற உங்களுக்கு அந்தப் பாடு தெரியும்.

முதலாளியின் நிபந்தனை

பாறசாலைச் சந்தைப் பக்கம் ஊமைப்படக் கூடாரம் வந்து இறங்கியபோது ஊரே துள்ளியது. நானும்தான். அதுவரை நான் எழுதியதெல்லாம் ஜவுளிக்கடைப் பலகையும் திருவிழா வளைவும். கூடாரத்து முதலாளி தாணுப்பிள்ளை, வாசலில் தொங்கவிட இரண்டு ஆள் உயரத் துணியைக் கொடுத்து, பம்பாய்ப் படத்துக் கதாநாயகனைக் குதிரைமேல் வாளோடு எழுதச் சொன்னார். பிடித்துவிட்டால் இனி வருகிற படமெல்லாம் எனக்கு. பிடிக்காவிட்டால் என்ன என்று கேட்டேன்.

"சந்தைக்குப் போற வண்டிக்காரன் மாட்டை நிறுத்திப் பாக்கணும். இல்லண்ணா அடுத்த படம் நாகர்கோவில்காரனுக்காக்கும்."

பாதி விலைப் பக்கம்

எழுதுமுன் படத்தைப் பார்க்க வேண்டுமே. கூடாரத்தின் நடுவில் நனைத்த வெள்ளைத் துணி. முன்பக்கம் பெஞ்சு. பின்பக்கம் மணல்தரை, பாதி விலை. ஈரத் துணி ஊடே படம் திரைக்குப் பின்னால் அங்கேயும் தெரியும். நானும், ஊர் ஊராக வண்டியில் செண்டை கொட்டிப் படத்தை அறிவிக்கும் செல்லப்பனும் மணலில் உட்கார்ந்தோம். குதிரை பாய்ந்து வந்தபோது முன்னால் இருந்த இரண்டு பேர் எழுந்து வழிவிட்டார்கள்! இடையில் வந்த இங்கிலீஷ் எழுத்துகள் திரும்பி நிற்பதைச் செல்லப்பனிடம் காட்டினேன்.

"நேரா நிண்ணா மட்டும் நீரு வாசிச்சிருவீரோ? வாளைப் பாரும் ஓய்!"

குதிரை

வீரன் என் கைக்குப் பிடிபட்டான், குதிரை நழுவியது. படத்தில் அது வருவதற்குள் போய்விடும். எங்கள் பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைத்த ஒரே குதிரை தாசில்தார் வண்டியில் பூட்டியது; அது பாயாது. வெறுத்துப்போய்ப் பொழியூர் கடற்கரைக்குப் போனேன். அலை உடையும் இடத்தில் ஒரு வள்ளம் மூக்கைத் தூக்கி எழும்பியது. கணநேரம் வானத்தில் நின்று, தொப்பென்று விழுந்தது. இதுவல்லவா பாய்ச்சல்! ஈர மணலிலேயே வரைந்தேன்: வளைந்த முதுகு, தூக்கிய கழுத்து, நுரை வழியும் மார்பு. கரையேறிய வள்ளக்காரர் மிக்கேல் தண்ணீர் சொட்டக் குனிந்து பார்த்தார்.

"எனக்க வள்ளத்துக்கு எதுக்குவே நாலு காலு வச்சீரு?"

நிறம்

படம் கறுப்பு வெள்ளை. வீரன் என்ன நிறம்? நெய்யாற்றின்கரையில் கதகளி பார்த்து வளர்ந்த செல்லப்பன், நல்லவன் என்றால் முகம் பச்சைதான் என்று அடித்துச் சொன்னான். நான் தலைப்பாகையை மட்டும் பச்சையாக்கி அவனைச் சமாளித்தேன்.

அங்கியின் சிவப்புக்குத்தான் திணறினேன். சந்தையில், வெயில் பட்ட செவ்வாழைக்குலை ஒன்றில் அது தொங்கிக்கொண்டிருந்தது! நிழல் பக்கத்துக் கருஞ்சிவப்பு மடிப்புக்கு, பழுத்த இடத்துப் பொன் சரிகைக்கு. நான் விழித்தபடி நின்றதைக் குலைக்காரி தங்கம்மா பொறுக்கவில்லை.

"வேணுமிண்ணா வாங்கும் அண்ணாச்சி, கண்ணாலே பழுக்க வச்சிராதேயும்!"

சந்தை நாள்

துணி ஏறியது. வண்டிகள் நின்றன. நான் மூச்சு விடுவதற்குள், பெஞ்சில் உட்கார்ந்து படம் பார்த்திருந்த தாலுகா கச்சேரி குமாஸ்தா சிரித்தார். வீரனின் வாள் படத்தில் வலதுகையில். என் துணியில் இடதுகையில்! முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் நாகர்கோவில்காரன் தெரிந்தான். திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தால் எழுத்து மட்டுமா திரும்பும்?

ஆனால் சந்தையில் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களும் மணல்தரைக்காரர்கள். இடதுகைதான், கண்ணால் கண்டோம் என்றார்கள். எங்கள் பக்கம் வந்து பார் என்று இரண்டு தரப்பும் கத்தி, அன்றைய ஆட்டத்துக்குக் குமாஸ்தா கூட்டம் மணலுக்கும் சுமட்டுக்காரர்கள் பெஞ்சுக்கும் போனார்கள். ஆட்டம் விட்டதும் குமாஸ்தா இடதுகை என்று சாதித்தார். சுமட்டுக்காரர்கள் வலதுகை என்று சத்தியம் செய்தார்கள். சண்டை கட்சி மாறி மறுநாளும் நடந்தது. தீர்ப்புச் சொல்லக் காரோட்டிலிருந்தும் குளத்தூரிலிருந்தும் ஆள் வந்தது. இரண்டு பக்கமும் இடமில்லை. கையைத் திருத்திவிடலாம் என்று தூரிகையோடு போனேன். முதலாளி குறுக்கே வந்து நின்றார்.

"தொட்டுராதேயும் மேஸ்திரி! அடுத்த படமும் உமக்குத்தான், ஆனா நீரு மணலிலேதான் இருந்து பாக்கணும்."

நல்ல யோசனைகள் கடலிலும் சந்தையிலும் இலவசமாகவே கிடைத்தன. என்னை இந்தத் தொழிலில் நிலைக்க வைத்த பிழைக்கு மட்டும் பாதி விலை கொடுக்க வேண்டியிருந்தது.