சுவரில் தொங்கிய யுகுலேலே

நாங்கள் குடிபெயர்ந்து வந்த பனியூரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில், எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த மகளின் யுகுலேலே இன்று மாலை யாரும் தொடாமலே மெல்ல முனகியது.

"போர்த்துக்கேயர் கப்பலில ஹவாய்க்குக் கொண்டுபோன சின்னக் கிற்றாராம், அம்மா. இப்ப வகுப்பில எல்லாரும் இதுதான் வாசிக்கினம்" என்று, பள்ளியிலிருந்து அதைக் கொண்டுவந்த அன்று சொல்லியிருந்தாள்.

மன்னாரில் என் மாமாவிடமும் இப்படி நாலு தந்தியோடு ஒன்று இருந்தது. அவர் கடலில் காணாமற்போன பின் அது சுவரிலேயே தொங்கியது. மாதா கோயில் மாலைமணி அடிக்கும்போதெல்லாம் தந்திகளும் சேர்ந்து முனகும்.

"அண்ணை வந்திட்டார், கதவைத் திற" என்பார் அம்மா.

திறப்பேன். உப்புக்காற்று மட்டும் உள்ளே வரும்.

இங்கே மணி ஏது? ஹீட்டர் அதிர்வுதான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மகள் எழுந்துபோய், கொட்டும் பனியில் வாசல் கதவை அகலத் திறந்து வைத்தாள்.

மாமாவைப் பற்றி நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.