சோளகத்தில் எடுத்த தனியாள் படம்

போட்டியின் விதிகள் இரண்டு பக்கத்துக்கு நீண்டிருந்தன. அவற்றில் எனக்குப் பிடித்தது நான்காவது விதி. கதை, இயக்கம், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாவற்றையும் ஒருவரே செய்ய வேண்டும். திரையில் வேறு ஆட்கள் வரலாம். ஆனால் கமராவுக்குப் பின்னால் இன்னொருவர் கைவைத்தது தெரிந்தால் படம் நிராகரிக்கப்படும். வாசித்ததும் இந்த விதியை எனக்காகவே எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். எங்கள் குடும்பத்தில் சாதாரண தரம் சித்தியடைந்ததும் நான்தான், உயர்தரம் சித்தியடைந்ததும் நான்தான், பட்டம் எடுத்ததும் நான்தான். எதையும் தனியே செய்வது எனக்குப் பழகிப்போயிருந்தது.

பட்டம் எடுத்து இரண்டு வருடமாகியும் நியமனக் கடிதம் வரவில்லை. வேலையில்லாத பட்டதாரியை விசாரிப்பதற்கென்று எங்கள் ஊரில் ஒரு குரல் உண்டு. ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களும் அந்தக் குரலில்தான் பேசுவார்கள். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் கோயில் வாசலிலேயே பிடித்துக்கொள்வார்கள். "இன்னும் ஒண்டும் வரேல்லையோ, பிள்ளை?"

அப்பா அப்படி விசாரிக்கிறவரல்லர். ஒருநாள் மட்டும், படகு எஞ்சினைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தவர், "படிச்சுப் படிச்சு என்னத்தைக் கண்டது?" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, எஞ்சினைப் பார்த்துச் சொன்னார். எஞ்சின் பதில் சொல்லவில்லை. பரிசோடு வந்து நான் சொல்கிறேன் என்று முடிவெடுத்தேன்.

ஏழு நிமிடப் படம். பொருள், ஒரு மீனவத் தாயின் துயரம். தாயைத் தேடி எங்கும் போக வேண்டியிருக்கவில்லை, வீட்டுக் குசினிக்குள்ளேயே ஒருவர் இருந்தார். என் அம்மா விடியற்காலையில் அப்பாவின் படகு கரைக்கு வந்ததும், வலைகள் வைக்கும் கொட்டிலான வாடிக்கு முன்னால் மணலில் வலையை விரித்து, இன்னும் மூன்று பெண்களோடு உட்கார்ந்து, வலையில் சிக்கிய நண்டுகளைக் கால் முறியாமல் கழற்றி எடுப்பார். இருபது வருடமாக அதுதான் அவருடைய வேலை. அதில் துயரம் இருக்கிறதா என்று நான் அவரைக் கேட்கவில்லை. இருக்கும் என்று பல்கலைக்கழகத்தில் படித்திருந்தேன்.

"அம்மா, உங்களை வைச்சுப் படம் எடுக்கப்போறன்."

"ஏன், ஊரில வேற வடிவான ஆக்கள் கிடைக்கேல்லையோ?"

"நீங்கள் ஒண்டும் நடிக்கத் தேவையில்லை. ஒவ்வொரு நாளும் செய்யிறதைச் செய்தாச் சரி."

"ஒவ்வொரு நாளும் செய்யிறதை ஆர் உட்கார்ந்திருந்து பாப்பினம்?"

அடுத்தநாள் அவர் வாடிக்குத் திருவிழாச் சேலையில் வந்தார். சங்கிலியும் போட்டிருந்தார். மற்றப் பெண்கள் வலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

"என்ன மச்சாள், நண்டுக்குக் கலியாணமோ?"

"வெளியூர் ஆக்கள் பாக்கப்போற படமாம். நாறல் சட்டையோட நிக்கச் சொல்லுறியளே?"

நாறல் சட்டைதான் எனக்கு வேண்டியிருந்தது. அதை வேறு வார்த்தைகளில் எடுத்துச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினேன். அரை மணித்தியாலம் கழித்துப் பழைய சட்டையோடும் வீங்கிய முகத்தோடும் திரும்பி வந்தார். நான் எழுதிவைத்திருந்த துயரத்துக்கு அந்த முகம் அச்சாப் பொருத்தமாக இருந்தது. உடனே தொடங்கிவிட்டேன்.

கமரா முக்காலி இல்லாததால் கைபேசியை ஒரு பிளாஸ்டிக் கதிரையின் முதுகில் நைலோன் கயிற்றால் கட்டினேன். மீன்பெட்டியின் வெள்ளை மூடியை இடது கையில் பிடித்து அம்மாவின் முகத்துக்கு வெளிச்சம் திருப்பினேன். காற்றில் கதிரை சரியாமலிருக்க ஒரு காலை அதன்மேல் வைத்துக்கொண்டேன். சோளகக் காற்று தொடங்கிய மாதம். காற்று தெற்கிலிருந்து மணலை அள்ளி எறிந்துகொண்டிருந்தது.

"கொண்டாவன், மூடியை நான் பிடிக்கிறன்" என்றார் ஒரு பெண்.

"வேண்டாம் மாமி. விதி நாலு."

"என்ன விதியோ! உன்னைக் கட்டப்போறவன்ரை விதியை நினைச்சால்தான் எனக்குக் கவலை."

அம்மாவிடம், கமராவைப் பார்க்க வேண்டாம், வேலையைச் செய்துகொண்டே மனதில் வருவதைப் பேசுங்கள் என்று சொல்லியிருந்தேன். முதலில் இரண்டு நண்டைக் கழற்றினார். பிறகு பேசத் தொடங்கியவர் நிறுத்தவேயில்லை. வலையை இழுத்தார், என் பக்கம் கையை நீட்டினார், திரும்பவும் இழுத்தார், திரும்பவும் பேசினார். மற்றப் பெண்கள் சிரித்தபோது அவர்கள் படச் சட்டத்துக்குள் வரவில்லை என்பதை மட்டும் உறுதிசெய்தேன். அம்மா இவ்வளவு இயல்பாக வருவார் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை. அப்படியே தொடருங்கள் என்று பெருவிரலை உயர்த்திக் காட்டினேன். அவர் வானத்தைப் பார்த்தார். அதுவும் நல்ல காட்சியாக வந்தது.

பின்னேரம் வீட்டில் போட்டுப் பார்த்தேன். படம் தெளிவாக இருந்தது. ஒலியில் ஏழு நிமிடமும் சோளகம் மட்டும்தான் இருந்தது.

"அம்மா, காலமை என்ன கதைச்சனீங்கள்?"

"நீ எனக்கு முன்னாலதானே நிண்டனி?"

"காத்தில ஒண்டும் கேக்கேல்லை."

"நாங்கள் நாலு பேர் அந்தக் காத்துக்குள்ள இருந்துதான் ஒவ்வொரு நாளும் கதைக்கிறம். எங்களுக்குக் கேக்குது" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டார்.

நான் திரும்பக் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவர் சொன்னதைவிட நல்ல வசனங்கள் என் கொப்பியில் இருந்தன. அவற்றை அம்மாவின் குரலாக நானே பேசிப் பதிந்தால் விதி நான்குக்கும் பொருந்தும். ஆனால் சோளகத்தில் எங்கள் வீட்டுக் கூரைத் தகரம் ஒரு நிமிடம் சும்மா இருக்காது. வீட்டுக்குள் சத்தம் குறைந்த ஒரே இடம் அம்மாவின் அலுமாரிதான். சேலைகளை ஒதுக்கிவிட்டு உள்ளே குந்தி, கதவைச் சாத்திக்கொண்டு, கைபேசி வெளிச்சத்தில் வாசித்தேன். "இந்தக் கடல் எங்களுக்குக் கண்ணீரைத்தான் தந்தது. என் கைகளைப் பாருங்கள். இந்தக் கைகள் எழுத்தறியாதவை. என் மகளாவது…" இந்த இடத்தில் விம்ம வேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன். விம்மினேன்.

அப்போது அப்பா உள்ளே வந்திருக்கிறார்.

"இஞ்சாரும்," என்று குசினிப் பக்கம் கூப்பிட்டது கேட்டது. "உம்மடை அலுமாரி அழுகுது."

"அது உங்கடை பிள்ளை."

"பிள்ளை ஏன் அலுமாரிக்குள்ள அழுகுது?"

"படிச்ச பிள்ளை. வெளியில நிண்டு அழுமே?"

படம் புதன்கிழமை முடிந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். படத்தில் வருகிறவர் முழுப் படத்தையும் பார்த்து, சம்மதம் என்று கையெழுத்திட்ட படிவம் ஒன்றையும் இணைக்க வேண்டும். அது எட்டாவது விதி. அந்த விதியை நான் அவ்வளவு கவனமாக வாசித்திருக்கவில்லை. அம்மாவைக் கதிரையில் இருத்திக் கைபேசியைக் கையில் கொடுத்தேன். அவர் கண் வெட்டாமல் பார்த்தார்.

"இது ஆர் கதைக்கிறது?"

"நீங்கள்."

"நானோ? நான் ஏன் இந்தச் சாதி அழுகை அழுறன்?"

"கஷ்டத்தில அம்மா."

"ஆருக்குக் கஷ்டம்? உன்னைக் கம்பஸுக்கு அனுப்பினது ஆர், கஷ்டமோ நானோ?"

"படமெண்டா அப்பிடித்தான் இருக்கும். சனத்துக்கு மனசில படவேணும்."

"சனத்துக்குப் படட்டும். எனக்குக் கையெழுத்து வைக்கத் தெரியாது."

தெரியும். நான் நான்காம் வகுப்பில் படித்தபோது, என் பழைய கொப்பியில் அவருக்கு எழுதப் பழக்கியதே நான்தான். அதை இரண்டு நேர்முகப் பரீட்சைகளில் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

வியாழக்கிழமை முழுவதும் பேரம் நடந்தது. விம்மலை எடுத்துவிடுகிறேன் என்றேன். தலையாட்டி மறுத்தார். "கண்ணீர்" என்ற சொல்லை எடுத்துவிடுகிறேன் என்றேன். தேங்காய் துருவினார். வெள்ளி காலையில் அவரே வழி சொன்னார்.

"உன்ரை குரலை எடுத்துப்போட்டுக் கொண்டா. வைக்கிறன்."

"எடுத்தா வெறும் காத்துத்தான் மிஞ்சும் அம்மா."

"மிஞ்சட்டும். காத்து என்ரை பேரைச் சொல்லி அழாது."

எடுத்தேன். அவர் மேசையடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாக, பேனா தாளைக் கிழித்துவிடுமோ என்ற பயத்தோடு, தன் பெயரை எழுதினார். தோற்றுப்போன படம் என்று எண்ணிக்கொண்டேதான் அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்து வவுனியாவில் காட்சிக்கு அழைத்தார்கள். அப்பா கடலுக்குப் போயிருந்ததால் அம்மாவும் நானும் பஸ் ஏறினோம். மண்டபம் நிறைந்திருந்தது. படம் முடிந்ததும் நடுவர்களில் மூத்தவர் ஒலிவாங்கியை வாங்கினார்.

"பேச்சை முற்றாக மறுத்த துணிச்சல் இது" என்றார். "தாய் பேசுகிறாள், யாருக்கும் கேட்கவில்லை. காற்று இங்கே சமூகம். அவள் வலையை இழுக்கிறாள், அது வர மறுக்கிறது. வாழ்க்கையோடு நடக்கும் இழுபறி. மூன்று முறை எங்களை நோக்கிக் கையை நீட்டுகிறாள். அந்த அழைப்புக்கு எங்களிடம் பதில் இல்லை."

இரண்டாம் பரிசு. மேடைக்குக் கூப்பிட்டு, இந்த உத்தி எப்படித் தோன்றியது என்று கேட்டார். "நீண்ட காலம் யோசித்து எடுத்த முடிவு" என்றேன். சொல்லி முடிப்பதற்குள்ளேயே நானே அதை நம்பத் தொடங்கியிருந்தேன்.

மூன்றாவது வரிசையில் அம்மா எழுந்து நின்றார்.

"ஐயா, குறை நினைக்காதேங்கோ. நான் ஒருத்தரையும் கூப்பிடேல்லை."

நடுவர் குனிந்து பார்த்தார். "அம்மா, நீங்கள்…?"

"அந்தப் படத்தில இருக்கிறது நான்தான். பிள்ளை கதிரையோட எங்கடை வலைக்கு மேல ஏறி நிண்டது ஐயா. இறங்கு பிள்ளை, இறங்கு பிள்ளை எண்டு தொண்டை கிழியச் சொல்லுறன். இழுத்துப் பாத்தன், வரேல்லை. அது எனக்குப் பெருவிரலைக் காட்டுது."

மண்டபத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பின்வரிசையில் யாரோ திரும்பப் போடச் சொன்னார்கள். போட்டார்கள். அம்மா வலையை இழுத்த ஒவ்வொரு முறையும் சிரித்தார்கள். கையை நீட்டியபோது, "இறங்கு பிள்ளை!" என்று நாலைந்து பேர் சேர்ந்து கத்தினார்கள். சட்டத்தின் கீழ்விளிம்பில், வலை கமராவை நோக்கி விறைத்து நிற்பது இப்போது எனக்கும் தெரிந்தது. படத்தொகுப்பில் அந்தக் காட்சியை நூறு தடவையாவது பார்த்திருப்பேன். நடுவர், பரிசு திரையில் உள்ளதற்குத்தான் என்று அறிவித்துச் சான்றிதழை என் கையில் வைத்தார். கொஞ்சம் வேகமாகவே வைத்தார்.

திரும்பும் பஸ்ஸில், முருங்கன் வரும்வரை நான் அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். அங்கே கொஞ்சச் சனம் இறங்கி, யன்னல் ஓரத்தில் இடம் கிடைத்ததும் அவரே தொடங்கினார்.

"பரிசைத் திருப்பி வாங்குவினமோ?"

"இல்லை."

"அப்ப ஏன் மூஞ்சியை நீட்டிக்கொண்டிருக்கிறாய்?"

"அண்டைக்குப் பின்னேரம் கேட்டனான்தானே? அப்பவே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நீ படத்தை அழிச்சுப்போட்டுத் திரும்ப எடுக்க வந்திருப்பாய். இன்னொரு வலையும் போயிருக்கும்."

"போயிருக்குமெண்டா? அந்த வலை கிழிஞ்சதோ?"

"ரெண்டு முழம்." குரலைத் தாழ்த்தினார். "உன்ரை அப்பர் கழுதை மிதிச்சதெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார். நானும் ஓம் எண்டு விட்டனான். படம் முடியட்டும் எண்டு."

எங்கள் கரையில் கழுதைகள் யாரையும் கேட்காமல் திரியும். அவற்றின்மேல் எந்தப் பழியைப் போட்டாலும் ஊர் நம்பும்.

நாங்கள் வீட்டுக்குப் போனபோது அப்பா கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். சான்றிதழை நீட்டினேன். "என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார். வாசித்துக் காட்டினேன். என் பெயர், இரண்டாம் பரிசு, தனியாளாக உருவாக்கிய படம். அதோடு நிறுத்தியிருக்கலாம். அம்மா பின்னால் செருமினார். வலையைக் கிழித்தது நான்தான் என்று சொன்னேன்.

அப்பா செம்பைக் கீழே வைத்தார்.

"நான் ரெண்டு மாசமா அந்தக் கழுதையளுக்குக் கல்லெறிஞ்சனான்" என்றார்.

பிறகு ஈரக் கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துவிட்டுச் சான்றிதழை வாங்கி, வாசிக்கத் தெரிந்தவர் போல மேலிருந்து கீழ்வரை மெதுவாகப் பார்த்தார்.