ஏலத்தில் கேட்ட சம்பளம்

திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டு அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களையும் சர்வரையும் பார்த்துக்கொள்வது என் வேலை. காலேஜ் வாசலை மிதித்ததில்லை. ராயபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் கெட்டுப்போன மெஷின்களைப் பிரித்துப் போட்டு, யூடியூப் பார்த்துக் கற்றதுதான் எல்லாம். சர்வர் படுத்தால் கேட்டில் லாரிகள் வரிசை கட்டும்; டிரைவர்கள் என் பரம்பரையையே இழுப்பார்கள்.

போன வருடம் என் பக்கத்து மேஜைக்கு ஓர் என்ஜினீயர் வந்தான். நல்ல பையன், அதுதான் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் திட்டித் தொலைத்திருக்கலாம். டீ குடிக்கும்போது, மழை வருமா என்று பேசுவதுபோலத் தன் சம்பளத்தைச் சொன்னான். என்னுடையதைப் போல இரண்டு மடங்கு. அன்றிலிருந்து அவன் புது ஷூ, அவன் வண்டி, அவன் டிபன் பாக்ஸில் இருக்கும் முட்டை, எல்லாமே என் காசில் வாங்கியதுபோல் வயிறு எரிந்தது.

அம்மா காசிமேட்டில் மீனை ஏலம் எடுத்து விற்பவள். அவளிடம் புலம்பினேன்.

"வேலைக்கு சேரும்போது நீ எவ்ளோ கேட்ட?" என்றாள்.

"கம்மியாத்தான் சொன்னேன். ஏலத்துல கம்மில ஆரம்பிச்சா அவுங்களே ஏத்திக்கினே போவாங்க இல்ல? அந்த மாரி ஏறும்னு நெனச்சேன். மேனேஜரு சட்டுனு சரின்ட்டாரு."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பத்து பேரு சுத்தி நின்னாத்தான்டா ஏலம் ஏறும்! அங்க ஒரே ஆளுதானே குந்திகினு இருந்தான்? அவன் இன்னாத்துக்கு நைனா ஏத்துவான்? இந்த தபா ரேட்டு இன்னான்னு விசாரிச்சிகினு போயி கேளு."

சம்பள உயர்வு பேசும் வாரம் அது. யாரிடம் விசாரிப்பது? எங்கள் தெருவில் வலை விலையும் ஐஸ் விலையும் எல்லோருக்கும் அத்துப்படி. சர்வர் பார்ப்பவனுக்கு என்ன கொடுக்கலாம் என்று ஒருவருக்கும் தெரியாது. வெட்கத்தை விட்டு அந்த என்ஜினீயரிடமே கேட்டேன்.

"இவ்ளோ கேக்கணும்னு உனக்கு எப்புட்றா தெரியும்?"

"எங்க காலேஜ் பேட்ச் குரூப்ல எல்லாரும் சொல்லிக்குவோம்ண்ணா. இருங்க, உங்களுக்கும் கேக்கறேன்."

என் வேலை, அனுபவம் இரண்டையும் ஃபோனில் தட்டினான். உடனே டிங் டிங்கென்று பதில்கள் வந்து விழுந்தன. முகம் தெரியாத பையன்கள் எனக்காக ஆளுக்கொரு தொகை சொன்னார்கள். "அந்த அண்ணனைக் குறைச்சுக் கேக்க வேணாம்னு சொல்லு" என்று ஒருவன் எழுதியிருந்தான்.

"என்னையும் அதுல சேத்துவுடேன்" என்றேன்.

"அது காலேஜ் பசங்களுக்கு மட்டும்ண்ணா" என்று நெளிந்தான்.

அதுவரை சம்பளத்தின் மேல் பட்ட பொறாமையெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. இவனுக்கு ரேட்டுச் சொல்ல இத்தனை பேர், எனக்கு ஒருத்தன் இல்லையே என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது.

மேனேஜரிடம் போய், அந்தப் பையன்கள் சொன்னதில் பெரிய தொகையைச் சொன்னேன்.

"இந்த ரேட்டை உனக்கு யாருப்பா சொன்னது?"

"எங்க பேட்ச் பசங்க சார்."

நான் காலேஜ் போகாதவன் என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் சற்றுக் குறைத்து ஒப்புக்கொண்டார். இப்போது அவனுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே சம்பளம். ஆனாலும் பக்கத்து மேஜையில் அவன் ஃபோன் டிங் என்றால் எனக்கு வேலையில் கை ஓடுவதில்லை.