பதிமூன்று அடை முட்டைகள்

காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கோழிக்கூண்டின் கதவைத் திறந்தேன். முதலில் கண்ணில் பட்டது செவலைப் பெட்டையின் இடது கண். அதன் ஓரத்தில் சோப்பு நுரை போலச் சிறு குமிழிகள் திரண்டிருந்தன. கண்ணுக்குக் கீழே முகம் புடைத்திருந்தது. கோழி தலையை இரண்டு முறை உதறியது, தும்மியது, பிறகு வாயைத் திறந்து மூச்சு விட்டது. அந்த மூச்சில், கொதிக்கத் தொடங்கும் தண்ணீரின் சத்தம் இருந்தது.

எண்பதுகளின் பிற்பகுதி. நான் நகரத்தில் ஒரு நாளிதழில் பிழை திருத்துபவனாக இருந்தேன். இரவுப் பணி முடிந்து முதல் மின்ரயிலில் ஆவடி வந்து இறங்குவேன். மனைவி ராணுவச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் தையல் பிரிவில் வேலை செய்தாள். குவார்ட்டர்ஸ் அவள் பெயரில் இருந்தது. பின்பக்கம் பத்தடிக்குப் பன்னிரண்டடி மண் தரை, ஒரு முருங்கை மரம், கம்பி வலையடித்த கூண்டு. அதில் பதினொரு பெட்டைகள், ஒரு சேவல்.

குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் வெவ்வேறு ஊர்க்காரர்கள். பொங்கல் விடுமுறைக்குப் போய்த் திரும்பும்போது யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. அந்த வருடம் என் மனைவி சாத்தூர்ப் பக்கமிருந்த தாய்வீட்டிலிருந்து இரண்டு பெட்டைகளைக் கூடையில் போட்டு, பேருந்தில் இருக்கைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தாள். வழியிலேயே இரண்டும் தும்மின. புழுதி என்று நினைத்தோம். வந்த அன்றே மற்ற ஒன்பது பெட்டைகளோடு அவற்றைக் கூண்டில் விட்டோம்.

மூன்று வாரத்தில் பாதிக் கோழிகள் தும்மின. சளி என்று முடிவு செய்தோம். குழந்தைக்குச் சளி பிடித்தால் ஜன்னலை அடைப்பதுபோலக் கூண்டைச் சுற்றிச் சாக்குகளைக் கட்டி, மேலே தார்ப்பாயைப் போட்டு இழுத்து மூடினோம். துளசியும் மிளகும் அரைத்து உருட்டிக் கொடுத்தோம். பனி ஒரு சொட்டுக்கூட உள்ளே இறங்கவில்லை. கோழிகள் மோசமாயின.

செவலையைப் பையில் வைத்து அரசாங்க கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். மருத்துவர் அதன் மூக்கை அழுத்திப் பார்த்தார், நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார்.

"கூண்டை எப்படி வெச்சிருக்கீங்க?"

சொன்னேன்.

"இன்னிக்கு ராத்திரி மூடிட்டு, காலையில திறந்ததும் நீங்க தலைய உள்ள விட்டுப் பாருங்க. எவ்வளவு நேரம் இருக்க முடியுதுன்னு நாளைக்கு வந்து சொல்லுங்க."

மறுநாள் விட்டுப் பார்த்தேன். எச்சத்தின் நெடியில் கண் எரிந்து, பத்து எண்ணுவதற்குள் வெளியே வந்துவிட்டேன்.

நோயின் பெயரை அவர் சீட்டில் எழுதிக் கொடுத்தார்: நாள்பட்ட சுவாச நோய். மருந்து கொடுத்தால் அடங்கும், போகாது என்றார். தேறிய கோழியும் நோயைச் சுமந்துகொண்டுதான் இருக்கும். குளிர், மழை, தீனி மாற்றம், எது வந்தாலும் மறுபடி தலைகாட்டும். புதுக்கோழி சேர்க்கக் கூடாது, இங்கிருந்து கோழி வெளியே போகக் கூடாது.

"முட்டை வழியா குஞ்சுக்கும் போகும். நீங்க சாப்பிடலாம், மருந்து குடுக்கிற நாள்ல மட்டும் வேணாம். அடை வைக்காதீங்க. அடைக்கு யாருக்கும் குடுக்காதீங்க."

மொத்தத்தையும் கொன்று கழித்துவிட்டுக் கூண்டைச் சில வாரம் காலியாகப் போட்டுப் புதிதாகத் தொடங்குவதுதான் நல்லது என்றும் சொன்னார். மனைவி அதைக் கேட்டுக்கொண்டாள், செய்யவில்லை.

நான்கு வருடங்கள் அந்த நோயோடு குடித்தனம் நடத்தினோம். தார்ப்பாய் கூரைக்கு மட்டும் என்றானது. பக்கங்களில் காற்று போக வழி விட்டோம். வாரம் ஒரு முறை தரை மணலை அள்ளிக் கொட்டி, சுண்ணாம்பு தூவிப் புது மணல் போடுவோம். தவிட்டைத் தூசு பறக்காமல் நனைத்து வைப்போம். மழை தொடங்கியதும் தண்ணீரில் மருந்துத்தூளைக் கலந்து ஐந்து நாள் கொடுப்போம். காலையில் கதவைத் திறக்குமுன் நான் நின்று காது கொடுத்துக் கேட்பேன். சில காலைகளில் ஒன்றும் கேட்காது. ஆவணியில் மூன்று கோழிகள் செத்தன, அடுத்த மார்கழியில் செவலை. மற்றவை முட்டையிட்டன.

இதை யாரிடமும் சொல்லவில்லை. முக்கியமாக அடுத்த வீட்டு அக்காவிடம். அவர் கணவர் தொழிற்சாலையில் உதவியாளர். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். அக்காவின் பிள்ளைகள் இரண்டும் எங்கள் கோழிகளின் முட்டையைத் தின்று வளர்ந்தவர்கள். கோழிகள் இருமுவதைக் கேட்டால் அவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து என்னைச் சீண்டுவார்.

"இன்னா தம்பி, உன் கோழி பீடி குடிக்குதா? ஏதோ கெய்வன் இருமுறா மாதிரியே கீது."

குவார்ட்டர்ஸில் அவர் கோழி வளர்க்கவில்லை. சொந்த வீடு கட்டினால்தான் என்று வைத்திருந்தார். கணவர் ஓய்வு பெற்றதும் வேப்பம்பட்டில் வாங்கிப் போட்டிருந்த மனையில் இரண்டு அறை கட்டினார்கள். கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பு அக்கா கூடையோடு வந்தார்.

"யம்மா, பன்னெண்டு வருசமா உன் கோழி கத்தித்தான் முழிச்சிக்கினேன். அங்க போய் இன்னா பண்றது? பதிமூணு முட்ட குடு. அடைக்கோழி என் நாத்தனார் ஊட்ல கீது, தூக்கினு வந்து புது ஊட்லயே வெச்சுடுறேன்."

"கத்துறது சேவல்க்கா."

"ஆமா, இவ பெரிய வாத்தியாரு. குடுறி."

நாளைக்குத் தருவதாக மனைவி சொன்னாள். புதுவீட்டுக்குப் போகிறவர் அடைக்கு முட்டை கேட்டால் இல்லை என்று சொல்வது எங்கள் வரிசையில் வழக்கமில்லை. கொடுத்தால் நோய் வேப்பம்பட்டுக்குப் போகும்.

"உண்மையைச் சொல்லிடலாமே" என்றேன்.

"சொன்னா, இத்தன வருசமா சீக்குக்கோழி முட்டையவா எம்பிள்ளைகளுக்குக் குடுத்தன்னு கேப்பாக. என்ன சொல்ல?"

அன்று மாலை தையல் பெட்டியிலிருந்து மிக மெல்லிய கை ஊசியை எடுத்தாள். முட்டையின் அகன்ற பக்கத்தில் குத்தி, மஞ்சள் கரு வரை இறக்கி, ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தாள். துளையில் கடுகளவு சுண்ணாம்பை வைத்துக் கட்டைவிரலால் தேய்த்தாள். பார்த்தால் தெரியவில்லை. நான் தட்டிலிருந்து ஒவ்வொரு முட்டையாக எடுத்துக் கொடுத்தேன். பதிமூன்று.

அக்கா வைக்கோலில் வைத்துக் கொண்டுபோனார்.

ஒரு மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார். மனைவி டீ கொடுத்தாள். டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார்.

"ஒண்ணும் பொரிக்கலமா. ரெண்டு முட்ட அடியிலயே வெடிச்சிப்பூட்ச்சி. நாத்தம் தாங்கல. கோழி எய்ந்து போயிடுச்சி."

மனைவி அடுப்பிலிருந்த சோற்றைக் கிளறினாள்.

"மண்ணு ஆகலன்றா நாத்தனாரு. மொத உசுரே தங்கலியே, மனுசங்க எப்டித் தங்குவாங்கன்றா. ஊட்டுக்காரரு ரெண்டு நாளா சோறு துண்ணல. வித்துட்லாம்னு கீறாரு. ஒர்த்தன் வந்து பாத்துகினும் போயிட்டான். சாங்காலம் அட்வான்ஸ் குடுக்க வரான்." என்னைப் பார்த்தார். "நீ படிச்சவன், சொல்லு தம்பி. மண்ணுல இன்னா கீது?"

நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி அடுப்பை அணைத்தாள்.

"மண்ணுல ஒண்ணும் இல்லக்கா. நாந்தான் முட்டையில ஊசி குத்துனேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ஊரிலிருந்து வந்த இரண்டு கோழிகள், மருத்துவர் சொன்னது, ஊசி, சுண்ணாம்பு. சொல்லும்போது நிமிர்ந்தே நின்றாள். அழவில்லை.

"பதிமூணுமா?"

"பதிமூணும்."

"தம்பிக்கும் தெரியுமா?"

"தெரியும்க்கா" என்றேன்.



"கேட்டப்போ, இல்லடின்னு சொல்லியிருந்தா ரெண்டு வார்த்த திட்டிட்டுப் போயிருப்பேன்" என்றார் அக்கா. டம்ளரைக் கீழே வைத்தார். பத்தேமுக்கால் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்தார். தெருமுனைவரை வருவதாகச் சொன்னேன். வேண்டாமென்று கையைக் காட்டினார்.

மனைவி அந்த வாரம் விடுப்பு எடுத்தாள். மிச்சமிருந்த ஏழு பெட்டைகளையும் சேவலையும் கழித்தோம். கூண்டைப் பிரித்துக் கம்பி வலையை சாணி வரட்டித் தீயில் வாட்டி, தரையைக் கொத்திச் சுண்ணாம்பு போட்டோம்.

வேப்பம்பட்டு வீட்டை அவர்கள் விற்கவில்லை. மறுவருடம் தை மாதம் அந்த வீட்டு வாசலில் பந்தல் போட்டு மூத்த மகளுக்குக் கல்யாணம் நடந்தது. எங்கள் வரிசையில், எங்களைத் தவிர எல்லா வீடுகளுக்கும் பத்திரிகை வைத்திருந்தார்கள்.