நான் பார்க்காத கோப்பு

"பிள்ளை, உம்மட ஒபிசில இந்த நம்பரை ஒருக்காப் பாக்கேலுமே?" என்று பாலேஸ்வரி அன்ரி கேட்டார். 1999ஆம் ஆண்டு மாசி மாதம். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் படிக்கட்டில் அவர் கீழ்ப்படியிலும் நான் மேல்படியிலும் நின்றோம். நான் அப்போது ஒரு காப்புறுதி நிறுவனத்தின் வாகனப் பிரிவில் எழுதுவினைஞராக இருந்தேன். அவர் நீட்டிய துண்டில் ஒரு பழைய டட்சன் காரின் இலக்கம் இருந்தது.

"கார் வாங்கப் போறீங்களோ அன்ரி?"

"ஓம். ஏன், எனக்கு வடிவா இராதோ?"

"இல்லை அன்ரி, அப்பிடிச் சொல்லேல்லை. ஆரும் தெரிஞ்ச ஆள் பாத்ததோ?"

"மஜீட் நானா பாத்தவர். கிராண்ட்பாசில கராஜ் வச்சிருக்கிறவர். கீழ படுத்து, மேல ஏறி, பொம்பிளை பாக்க வந்த மாமிமாதிரிப் பாத்தார். இஞ்சின் நல்லதாம், துருவும் இல்லையாம். ஆனா கார்ப் புத்தகத்துக்குள்ள காரின்ர பழைய வரி லைசன்சுகளை வருஷ வரிசையா அடுக்கி வச்சிருக்கு. அதில தொண்ணூத்தாறு மட்டும் இல்லை. 'தங்கச்சி, ஒரு வருஷம் இந்தக் காரு எங்கயோ கெடந்திருக்கு. எங்கேண்டு தெரியாம வாங்காதீங்க' எண்டு சொல்லிப்போட்டார்."

"விக்கிற ஆளைக் கேட்டனீங்களோ?"

"கேட்டனான். அவர் போன வருஷந்தான் வாங்கினவராம். புத்தகத்தில இருக்கிற பேரும் அவற்ற இல்லை. பேருக்குரிய ஆள் இப்ப வெளிநாட்டில. ஆனா உங்கட கொம்பனிட பழைய இன்சூரன்ஸ் காட் ஒண்டு உள்ளுக்குக் கிடந்தது. அதுதான் உம்மட்ட வந்தனான். பழைய காரெண்டா நீங்கள் வருஷா வருஷம் ஆளனுப்பிப் பாத்து எழுதுறனீங்கள்தானே?"

"ஓம், ஃபைலில இருக்கும்."

"அடிபட்ட காரெண்டாப் பரவாயில்லை பிள்ளை, தட்டி நிமித்தலாம். பொலிசில நம்பர் ஏறின காரெண்டா நான் எங்க கொண்டுபோய்த் தட்டி நிமித்திறது?"

"பாத்துச் சொல்லுறன் அன்ரி."

"ஆறுதலாப் பாரும். நீர் சொல்லுமட்டும் நான் அட்வான்ஸ் குடுக்கேல்லை."

அவருக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. அளவெட்டியிலிருந்து தொண்ணூறில் கொழும்புக்கு வந்தவர். கணவர் ஜேர்மனிக்குப் போய் ஆறாவது வருடத்தில் கடிதம் எழுதுவதை நிறுத்தினார். யாராவது விசாரித்தால், "அங்கை முத்திரை முடிஞ்சுபோச்சாக்கும்" என்பார். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார்.

கீழ்த்தளத்து வீட்டில் தினமும் நாற்பது சோற்றுப் பார்சல் கட்டினார். கொட்டாஞ்சேனையில் உள்ள லொட்ஜுகளில் வடக்கிலிருந்து வந்து விசாவுக்காகக் காத்திருந்தவர்களுக்கு அவை போயின. இரண்டு பெரிய பைகளுடன் பஸ்சில் போவார். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறக்கிப் பிரித்துப் பார்ப்பார்கள். ஒருநாள் ஒரு சிப்பாய் பொரியல் பொட்டலத்தைக் காட்டி அது என்னவென்று சிங்களத்தில் கேட்டானாம். இவர் தன் அரைகுறைச் சிங்களத்தில் பாவற்காய் என்று விளக்கி, அவன் வாயிலும் ஒரு துண்டு வைத்துவிட்டாராம். "அண்டையில இருந்து அவன் என்ர பையைத் தொடுறேல்லை" என்று சொல்லிச் சிரிப்பார். ஆனால் வெயிலில் நின்று சோறு புளித்த நாட்களும் இருந்தன. அந்த நாட்களில் நாற்பது பார்சலையும் திருப்பிக் கொண்டுவந்து கொட்டினார்.

அதனால்தான் கார். நாற்பத்தேழு வயதில் ஓட்டப் பழகினார். ஒழுங்கை முனைக் கடைக்காரர், "அக்கா, சுவர் விலகாது, நீங்கதான் விலகோணும்" என்று கத்துவார். "சுவர் எண்டாலும் வாயை மூடிக்கொண்டு நிக்குது" என்று இவர் கண்ணாடியை இறக்கிப் பதில் சொல்லுவார். ஏழு வருடச் சமையலில் மிஞ்சியது முழுவதும் அந்த டட்சனுக்குத்தான் போகவிருந்தது.

நான் ஐந்தாம் வகுப்புவரை தமிழிலும் அதன்பின் சிங்களத்திலும் படித்தவள். எங்கள் கோப்புகள் சிங்களத்தில் இருந்தாலும் மொழி எனக்குத் தடையாக இருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கோப்பறையில் ஒரு கோப்பை எடுப்பதற்குச் சிறிய படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும். பெயர், பிரிவு, வாகன இலக்கம், காரணம். அந்தக் கடைசிப் பெட்டிதான் என்னை நிறுத்தியது. பொலிஸ் தொடர்பு இருக்கக்கூடிய ஒரு காரின் கோப்பை ஒரு தமிழ்ப் பெண் ஏன் கேட்கிறாள் என்று யாராவது பிறகு கேட்டால்? முதல்நாள் கோப்பறைப் பொறுப்பாளர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். நான் திரும்பி வந்துவிட்டேன். இரண்டாம் நாள் அவர் நிமிர்ந்து, "மொக்கத நங்கி?" என்று கேட்டார். என்ன தங்கச்சி என்றுதான் கேட்டார், அவ்வளவுதான். நான் எனக்குத் தேவையில்லாத வேறொரு கோப்பின் இலக்கத்தைச் சொல்லி, அதை வாங்கிக்கொண்டு வந்து, மாலைவரை மேசையில் வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை படிக்கட்டில் அன்ரி கேட்டார். "என்ன பிள்ளை, பாத்தனீரோ?"

"பாத்தனான் அன்ரி. பிழை ஒண்டுமில்லை."

அத்துடன் நிறுத்தியிருக்கலாம். "தொண்ணூத்தாறில இஞ்சின் வேலைக்குக் கராஜில விட்டிருக்கினம். மற்ற வருஷமெல்லாம் ஒழுங்காப் பாத்து எழுதியிருக்கு" என்றும் சொன்னேன். ஒரு பொய் நம்பும்படி இருக்க வேண்டும் என்று எனக்கு யார் சொல்லித்தந்தார்களோ தெரியாது. அன்றிரவு அவர் எங்கள் வீட்டுக்குக் கத்தரிக்காய்க் குழம்பு அனுப்பினார். நான் அதைச் சாப்பிட்டேன்.

நான்கு மாதம் அந்தக் கார் ஓடியது. காலை பத்தரைக்குப் புறப்பட்டு, ஒரு மணிக்கு வெறும் பைகளுடன் திரும்பிவிடுவார். இரண்டு லொட்ஜுகள் புதிதாகச் சேர்ந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் காரைக் கழுவிக்கொண்டு, மேலே நிற்கும் என்னைப் பார்த்து, "ஏறும், கடற்கரைக்குப் போவம்" என்பார். வேலை இருக்கிறது என்று சொல்லித் தப்பிவிடுவேன்.

ஆனி மாதத்தில் ஒருநாள், கொட்டாஞ்சேனைக்குப் போகும் வழியில் இருந்த சாவடியில் பொலிஸ் பதிவில் உள்ள வாகனங்களின் புதிய பட்டியல் ஒன்றை வைத்திருந்தார்கள். டட்சனின் இலக்கம் அதில் இருந்தது. புத்தகத்தில் இருந்த பெயருக்குரியவர் எங்கே என்று கேட்டார்கள். வெளிநாட்டில் என்பதற்கு மேல் அன்ரிக்குத் தெரியவில்லை. இந்தச் சோறெல்லாம் யாருக்கு என்று கேட்டார்கள். வடக்கிலிருந்து வந்து லொட்ஜில் தங்கியிருப்பவர்களுக்கு என்று உண்மையைச் சொன்னார். அவரைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்து விசாரித்தார்கள்.

மறுநாள் நான் கோப்பறைக்குப் போனேன். படிவத்தை நிரப்பினேன். காரணம் என்ற பெட்டியில் 'பார்வைக்காக' என்று எழுதினேன். பொறுப்பாளர் அதை வாசிக்கவே இல்லை. கோப்பை எடுத்துத் தந்துவிட்டுத் தன் தேநீரைக் குடித்தார்.

எல்லாம் அதில் இருந்தது. தொண்ணூற்றாறில் ஒரு குண்டுவெடிப்பு நடந்தபோது இரண்டு தெரு தள்ளி நிறுத்தியிருந்த கார் அது. கண்ணாடிகள் நொறுங்கி, ஒரு கதவு வளைந்திருந்தது. பொலிசார் விசாரணைக்காக எட்டு மாதம் தங்கள் முற்றத்தில் வைத்திருந்து விடுவித்தார்கள். எங்கள் பரிசோதகர் அடுத்த வருட அறிக்கையில், இந்த இலக்கம் பொலிஸ் பதிவில் உள்ளது என்று சிவப்பு மையில் ஒரு வரி எழுதி அடிக்கோடும் இட்டிருந்தார். சிங்களத்தில்தான் எழுதியிருந்தார். ஒருமுறை வாசித்ததுமே புரிந்தது.

கார் திரும்ப வரவில்லை. பொலிஸ் பிடித்த பெண்ணிடம் சோறு எடுக்க லொட்ஜ்காரர்கள் பயந்தார்கள். ஆடி முடிவதற்குள் அன்ரி வீட்டைக் காலிசெய்து, பொரளையில் ஒரு டொக்டர் வீட்டில் சமையலுக்குப் போய்ச் சேர்ந்தார். நாற்பது பேருக்குச் சமைத்தவர் நான்கு பேருக்குச் சமைத்தார். நான் ஒருதடவைகூட அங்கே போய்ப் பார்க்கவில்லை.

விசாரணை முடிந்து அவர் முச்சக்கரவண்டியில் வந்து இறங்கிய மாலை, நான் படிக்கட்டில் நின்றேன். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நின்றேன். "அன்ரி, அந்த ஃபைல்..." என்று தொடங்கினேன்.

அவர் என் கையைப் பிடித்து அழுத்திச் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"காரைப் பற்றி ஆரட்ட விசாரிச்சு வாங்கினனீ எண்டு திருப்பித் திருப்பிக் கேட்டவங்கள். ஒருத்தரட்டையும் இல்லை, நிறத்தைப் பாத்து வாங்கினனான் எண்டு சொல்லிப்போட்டன். உம்மட ஃபைலில இல்லாததுக்கு நீர் என்ன செய்யிறது? நீரும் எனக்கொரு உதவி செய்யும் பிள்ளை. எனக்காக அந்த ஃபைலை எடுத்துப் பாத்தனீர் எண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்."